நிரம்பியபடியே திரும்பிய தண்ணீர் பாட்டில்

பின்னணி

இந்த நிகழ்வு கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரில் நடந்தது. காலம், ஓகி புயல் அடித்த 2017க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒன்று. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளையோ ஊரையோ அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை. நான் செவிலியர் படிப்பு முடித்து, அங்குள்ள சிறிய தொண்டு அமைப்பு ஒன்றில் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளராக இருந்தேன்.

அமைப்பு நடத்தியது ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். அந்த ஊர் ஆண்களில் பலர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பெண்களில் பலர் மீன் விற்கிறவர்கள். விடியுமுன் துறைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, பாத்திரத்தைத் தலையில் சுமந்து பஸ் ஏறி, கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை என்று வடக்கும் வடகிழக்குமாகப் பிரிந்துபோவார்கள். வீடு திரும்பப் பிற்பகல் மூன்று மணி ஆகும். அதுவரை அவர்களுடைய சிறு பிள்ளைகள், ஏறக்குறைய முப்பது பேர், காப்பகத்தில் இருப்பார்கள். இரண்டு ஆசிரியைகள், சமையலும் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆயா. வாடகைக்கு எடுத்த ஓட்டுக் கட்டடம். பின்பக்கம் இடுப்பளவுச் சுவர் கட்டிய, கதவில்லாத ஒரு கழிப்பிடம் குழந்தைகளுக்காக இருந்தது. பெரியவர்களுக்கு எதுவும் இல்லை.

இந்தக் காப்பகத்துக்குத்தான் ஐரோப்பாவின் குளிர்நாடு ஒன்றிலிருந்து, மழலையர் கல்வி படித்த 24 வயதுப் பெண் ஒருவர் ஆறு மாதத் தன்னார்வப் பணிக்கு வந்தார். சுற்றுலா இ-விசாவில் ஊதியமில்லாத தன்னார்வப் பணியை அதிகபட்சம் ஒரு மாதம்தான் செய்யலாம் என்பதால் அவர் வேலை விசாவில் வந்திருந்தார். வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் வீட்டின் விவரங்களோடு வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்கள் தரவேண்டிய 'சி' படிவம் அனுப்பியாயிற்று. இரண்டு வாரத்துக்குள் நாகர்கோவில் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் பதிவும் முடிந்தது. கொசுவலை, காப்பீடு, தடுப்பூசி, திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வண்டி, எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. அமைப்பின் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் முறைப்படி செய்கிறவர். பகலில் எட்டு மணி நேரம் அந்தப் பெண் எங்கே சிறுநீர் கழிப்பார் என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

முதல் வாரங்கள்

அவர் வந்தது பிப்ரவரியில். தங்கியது காப்பகத்திலிருந்து கால்மணி நடையில் உள்ள ஒரு வீட்டில். அறுபது வயதைத் தாண்டிய அம்மா, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மகன் வளைகுடாவில். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கும்போதே வீடும் எழுந்துவிடும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடங்களை நிரப்பவேண்டும். கிணற்று நீர் உவர்ப்பு, குளிக்கவும் துவைக்கவும் மட்டும் ஆகும். குடிக்கச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த நீர். காலையில் புட்டும் பயறும், அல்லது மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். மதியத்துக்குச் சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த குழம்பும் பாத்திரத்தில் கொடுத்துவிடுவார்கள். மட்டிப்பழம் எந்நேரமும் தாரோடு திண்ணையில் தொங்கும்.

அவர் இதிலெல்லாம் சுணங்கவில்லை. ஒரு வாரத்தில் கையால் மீன் முள் எடுக்கக் கற்றார். பத்து நாளில் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தார். பிள்ளைகள் அவரை 'டீச்சர்' என்று அழைத்தார்கள். ஆசிரியைகளை அவர் 'அக்கா' என்றும், வீட்டுக்கார அம்மாவை 'அம்மா' என்றும் அழைத்தார். அம்மாவுக்கு அவர் 'மக்களே'. தங்கள் வீட்டுப் பிள்ளைகளை இந்தப் பக்கத்து அம்மாக்கள் அழைப்பது அப்படித்தான்.

வந்த மூன்றாம் நாள் காப்பகத்தில் அவர் கழிப்பறை எங்கே என்று கேட்டிருக்கிறார். இளைய ஆசிரியை அவரை இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனார். அந்த வீட்டார் நல்லவர்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள், மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள், கடைக்கு ஆள் அனுப்பி பிஸ்கட் வாங்கினார்கள், டீ போட்டார்கள், சவூதியில் இருக்கும் மகனின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது காப்பகத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் பலகாரம் செய்துவைத்திருந்தார்கள்.

அதன்பிறகு அவர் கேட்கவில்லை. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மாலை வீடு திரும்பும்வரை தாக்குப்பிடிப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். அதற்கு ஒரே வழி, குடிக்காமல் இருப்பது. இது எங்களுக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

கவனத்துக்கு வந்தவை

மார்ச் பிறந்ததும் சில மாற்றங்கள் தெரிந்தன. பத்தரை மணி டீயை அவர் மறுத்தார். மதியச் சோற்றைப் பாதியில் மூடிவைத்தார். பிற்பகலில் தலைவலி என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நம் சாப்பாடு வெள்ளைக்காரர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். காரம் குறைத்துச் சமைத்தார்கள். ஒருவர் ரொட்டியும் ஜாமும் வாங்கிவந்தார். வெளிநாட்டவர் ஒருவர் சோர்ந்தால் இந்த விளக்கம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது; அது கைக்கு வந்ததும் மேற்கொண்டு யாரும் பார்ப்பதில்லை. இந்த நிகழ்வில் மூன்று வாரம் அப்படித்தான் போயிற்று.

சரியாகப் பார்த்தது வீட்டுக்கார அம்மா. காலையில் அவர் நிரப்பிக்கொடுக்கும் ஒரு லிட்டர் பாட்டில் மாலையில் நிரம்பியபடியே திரும்பி வந்தது. அதை அவர் மருமகளிடம் சொல்ல, மருமகள் என்னிடம் சொன்னார். அடுத்த முறை காப்பகம் போனபோது தன்னார்வலரைத் தனியே கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். உதடு வெடித்திருந்தது. வியர்த்துக் கொட்டும் நேரத்தில் அவருடைய தோல் உலர்ந்து கிடந்தது.

நம் கடற்கரையில் உள்நாட்டு மாவட்டங்களைப்போல 40 டிகிரி வெயில் அடிப்பதில்லை. அதனால் வெளியூரார் இங்கே ஏமாந்துபோவது எளிது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது, மேலும் வியர்க்கும். குளிர்நாட்டு உடல் வெப்பத்துக்குப் பழகவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அப்படிப்பட்ட ஒருவர் பகல் முழுக்க இரண்டு மடக்கு நீரோடு நிறுத்திக்கொண்டால் சிறுநீர் சுண்டி அடர் மஞ்சளாகும். அடக்கிவைக்கும்போது அது சிறுநீர்ப்பையில் நெடுநேரம் தேங்கும். கிருமி பெருக அதுவே போதும். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை குறுகியது என்பதால் கிருமி மேலேறுவதும் எளிது.

நோய்

மார்ச் கடைசியில் எரிச்சல் தொடங்கியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் ஆண் விற்பனையாளரிடம் சைகையால் சொல்லி இரண்டு நாளுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். எரிச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டார். நான்காம் நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, வலப்பக்கம் விலாவுக்குக் கீழே வலி. இரவு பதினொரு மணிக்கு அம்மாவும் மருமகளும் ஆட்டோ பிடித்து அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் அங்கே போனபோது அம்மா படுக்கைக்கு அருகே தரையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. மருத்துவர் முதலில் சிறுநீரை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பிறகு நரம்பு வழியாக மருந்தும் குளுக்கோஸும் ஏற்றத் தொடங்கினார். பாதியில் நிறுத்திய மாத்திரை, சோதனை முடிவைக் குழப்பக்கூடும் என்று கவலைப்பட்டார். மூன்றாம் நாள் வந்த முடிவில், இந்த நோய்க்கு மிகுதியும் காரணமான ஈ.கோலி பாக்டீரியாவே இருந்தது. காய்ச்சல் இறங்கியதும் மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெண் மருத்துவர் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் உண்மை வெளிவந்தது: "பகலில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறீர்கள்?" அந்தப் பெண் அழுதுவிட்டார். அந்த வீட்டாரின் விருந்தோம்பலைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயந்தே இத்தனை நாளும் வாய் திறக்கவில்லை என்றார்.

கூட்டம்

அந்த வார இறுதியில் செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். அவருடைய திட்டம் தெளிவானது. கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு அறை, மேற்கத்திய கோப்பை, பூட்டு, சாவி தன்னார்வலர் கையில். இரண்டு வாரத்தில் முடியும், செலவு குறைவு. அனுப்பிய நிறுவனத்துக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அவருடையது, அதனால் விரைவாக ஏதாவது செய்ய நினைத்தார். அந்த எண்ணத்தில் தவறில்லை.

பேச்சு முடியும் தறுவாயில் மூத்த ஆசிரியை எழுந்தார். பொதுவாகக் கூட்டங்களில் பேசாதவர்.

"எனக்கும் இதே காய்ச்சல் இரண்டு தடவை வந்தது சார். இரண்டாம் தடவை ஒரு வாரம் படுத்திருந்தேன். லீவுக்குச் சம்பளம் பிடித்தீர்கள். நான் கேட்கவில்லை, கேட்கலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை."

அடுத்து ஆயா. "நான் காலையில் வந்தால் மூன்று மணி வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன். மாதவிலக்கு நாளில் துணி மாற்ற வீட்டுக்கு ஓடிப்போய் வருவேன், அதற்குள் உலையில் சோறு பொங்கிவிடும். டீச்சர் ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார். அந்தச் சாவியைப் பிறகு யாரிடம் கொடுப்பீர்கள்?"

யாரும் பதில் சொல்லவில்லை. இந்த ஆய்வை நான் எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். விருந்தாளியின் காய்ச்சல் எங்களை ஒரே வாரத்தில் கொத்தனாரிடம் அனுப்பியது. அதே காய்ச்சல் அதே கட்டடத்தில் ஆறு ஆண்டாக வந்துபோயிருக்கிறது, அது விடுப்புப் பதிவேட்டில் 'உடல்நலக் குறைவு' என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கிறது. நோய் ஒன்றுதான். ஒருவருக்கு வந்தபோது அது அவசரமாகவும், மற்றவர்களுக்கு வந்தபோது வழக்கமாகவும் எண்ணப்பட்டது. பெண்களே வேலை செய்யும் காப்பகத்திலேயே இப்படி என்பது என்னை மிகவும் வருத்தியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தன்னார்வலர் ஊர் திரும்புவதா இருப்பதா என்பது. பெற்றோர் திரும்பிவரச் சொன்னார்கள். மருத்துவர், மருந்து முடியும்வரை ஓய்வெடுத்தால் போதும், காரணத்தை நீக்கினால் தொடரலாம் என்றார். அவரும் தொடரவே விரும்பினார். ஓய்வுக்குப் பிறகு அரைநாள் பணியில் தொடங்கி, கோடை உச்சம் தணியும்வரை பிற்பகல்களில் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடாயிற்று.

இரண்டாவது, கட்டடம் எழும்பும்வரை என்ன செய்வது. இதை அரைமணி நேரத்தில் தீர்த்தவர் வீட்டுக்கார அம்மா. இரண்டு வீடு தள்ளியிருந்த அந்தக் குடும்பத்துக்கு நேரே போய்ச் சொன்னார்: "இவள் விருந்தாளி இல்லை, என் வீட்டுப் பிள்ளை. கொல்லைக் கதவைத் திறந்து வையுங்கள், வருவாள், போவாள். டீ போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்." அவர்கள் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். ஆசிரியைகளும் ஆயாவும் அதே கொல்லைக் கதவைப் பயன்படுத்தலாம் என்று அந்த வீட்டாரே சேர்த்துச் சொன்னார்கள். இவ்வளவு எளிய ஒரு பேச்சு அதுவரை நடந்திருக்கவில்லை.

மூன்றாவது, கழிப்பறை எல்லாருக்கும் உரியது. இரண்டு அறைகள், உள்தாழ்ப்பாள், உள்ளேயே குழாய், உயரத்தில் சன்னல், மூடியுள்ள குப்பைத்தொட்டி. ஒன்றில் தரைக் கோப்பை. மூட்டுவலி உள்ள மூத்த ஆசிரியைக்காக மற்றொன்றில் உட்காரும் கோப்பை. கடற்கரை மணலில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. உறிஞ்சுகுழி தோண்டினால் கழிவு கிணற்றில் கலந்துவிடும் என்பதால், கசியாத தொட்டியைக் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளிக் கட்டுவது என்று கொத்தனாரோடு பேசி முடிவெடுத்தோம்.

பணம்தான் சிக்கலாயிற்று. தன்னார்வலரின் நண்பர்கள் ஒரே நாளில் முழுத் தொகையையும் திரட்டி அனுப்ப முன்வந்தார்கள். ஆனால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டுப் பணத்தைப் பெறக்கூடாது. எங்களுக்குப் பதிவு இல்லை. பதிவு உள்ளவர்கள்கூட 2020 திருத்தத்துக்குப் பிறகு புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில்தான் முதலில் பெற முடியும். அந்தப் பணத்தைத் தன்னார்வலரின் கையில் சேர்த்து, அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். செயலாளர் உறுதியாக மறுத்தார். அவர் செய்தது சரி. விசாவில் வந்த ஒரு பெண்ணை அப்படிப்பட்ட சிக்கலில் மாட்டுவது பெரிய அநியாயம். ஊர்க் கோயில் கமிட்டி ஒரு பகுதி, விசைப்படகு உரிமையாளர்கள் ஒரு பகுதி, மீதியை மகளிர் குழுக் கடன் என்று பணம் சேர்ந்தது. அதனால் இரண்டு வாரம் என்றிருந்தது இரண்டு மாதமாக நீண்டது.

கடைசியாக, செலவில்லாத ஒன்று. கேரளப் பள்ளிகளில் 2019இல் 'வாட்டர் பெல்' தொடங்கியதை எல்லையோர மாவட்டத்துக்காரர்களான நாங்கள் அறிவோம். அதையே காப்பகத்தில் வைத்தோம். மணி அடித்தால் பிள்ளைகளோடு பெரியவர்களும் குடிக்கவேண்டும். கூடவே, ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு என்ற தீர்மானமும் நிறைவேறியது. மூத்த ஆசிரியையிடம் முன்பு பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று நான் கேட்டேன்; கமிட்டி ஏற்கவில்லை. இப்போதும் அது தரப்படவேண்டிய பணம் என்றே கருதுகிறேன்.

பின்விளைவு

மே இறுதியில் கழிப்பறை திறக்கப்பட்டது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வலுத்தபோது மழைநீர் தொட்டிக்குள் இறங்கி, ஒரு வாரம் மூடிவைக்க நேர்ந்தது. மூடியை இரண்டு செங்கல் வரிசை உயர்த்திப் பூசிய பின் சரியாயிற்று. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட மின்சாரம் இல்லாத நேரங்களில் குடத்தில் எடுத்து ஊற்றினார்கள்.

தன்னார்வலருக்குத் தொற்று திரும்ப வரவில்லை. ஆகஸ்டில் விடைபெறும்வரை ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. அவருடைய பணியும் மாறியது. நோய்க்கு முன் பாட்டு, படம், விளையாட்டு என்று தனியாகச் செய்துகொண்டிருந்தார். பிறகு, தமிழில் சொல்லத் தெரியாததை ஆசிரியைகளிடம் கேட்கவும், அவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யவும் தொடங்கினார். ஆசிரியைகளும் அவரிடம் கூச்சமின்றிப் பேசினார்கள். இளைய ஆசிரியை என்னிடம் சொன்னார்: "முன்பெல்லாம் அவர் முன்னால் நாங்கள் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்வோம் அக்கா. இப்போது அந்த நினைப்பே வருவதில்லை." ஆயா பிற்பகல் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது சாதாரணமல்ல.

இனி மாறவேண்டியவை

தன்னார்வலர் வருமுன் பட்டியல் போடும்போது, அவர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதி, அந்த நேரத்தில் தண்ணீர், நிழல், கழிப்பறை எங்கே என்று எதிரே எழுதவேண்டும். அந்தப் பட்டியலை முதலில் அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களை வைத்து நிரப்பவேண்டும். அவர்களுக்கு எதிரே வெற்றிடம் இருந்தால் ஆளை வரவழைக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யவேண்டும்.

உடல் பற்றிப் பேச ஒரு பெண் பொறுப்பாளர் இருக்கவேண்டும். முதல் நாளே கூச்சமில்லாமல் இடத்தைக் காட்டி, மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கவேண்டாம் என்று சொல்லவேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதும், வாரம் ஒருமுறை கேட்பதும் என் வேலைப் பட்டியலில் இப்போது உள்ளன. தங்கவைக்கும் வீட்டாரின் பார்வைக்கு எழுத்தில் இடம் வேண்டும்: அம்மா கவனித்த பாட்டில் எந்த அறிக்கைப் படிவத்திலும் இடம்பெற வழியில்லாமல் இருந்தது.

தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. திறந்த சில நாளிலேயே, மீன் விற்றுத் திரும்பும் தாய்மார்கள் பிள்ளையை அழைக்க வரும்போது தாங்களும் பயன்படுத்தலாமா என்று கேட்டார்கள். விடியுமுன் நான்கு மணிக்கு வீட்டைவிட்டுப் போனவர்கள். யார் கழுவுவது என்று கமிட்டியில் வாக்குவாதம் நடந்தது. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அவர்களுக்குத் திறந்துவைப்பது, பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் மாதம் ஒருமுறை அவர்கள் முறைவைத்து வாங்கித் தருவது என்று முடிந்தது. அது நடக்கிறது. ஆனால் காலை முழுவதும் அவர்கள் உட்கார்ந்து விற்கும் இரண்டு சந்தைகளில் இன்னும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இரண்டு உள்ளாட்சி அலுவலகங்களிலும் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். மூத்த ஆசிரியைதான் மனுவை எழுதினார்.